விடை தெரிந்தும் புரியாத குறுக்கெழுத்து: கொலைக்குள் மான் எப்படி வந்தது?

நண்பர் கொடுத்த சங்கேதக் குறுக்கெழுத்தில் மூன்று குறிப்புகளோடு மல்லுக்கட்டியதாகவும், கடைசியில் தோற்றுப்போய் விடைத்தாளைப் பார்த்ததாகவும், பார்த்த பிறகும் "இது எப்படி விடையாகும்" என்று பிடிபடவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் முயன்று பார்க்கட்டும்.

மனை விற்றது, பாதி இல்லாளுக்கு (3)
குதிரை, துடி, காப்பியத்து ஆடல்மகள் (3)
கொம்பும் காலும் வெட்டிய கொலையில் கிடைத்தது மான் (2)

விடைகள் முறையே மனைவி, மாதவி, கலை. அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர்மெய் எவ்வளவு அலங்காரத்தோடு வந்தாலும் ஒரு கட்டம்தான், புள்ளி வைத்த மெய்க்கும் தனியாக ஒரு கட்டம் உண்டு.

உங்கள் தவறு ஒன்றே ஒன்றுதான்: குறிப்பை வாக்கியமாகப் படித்துவிட்டீர்கள். யாரோ வீட்டுமனை விற்று மனைவிக்குப் பாதி கொடுத்தார்கள் என்று படித்தால் அந்தக் குடும்பக் கதைக்குள் மாட்டிக்கொள்வீர்கள், புதிர் அமைத்தவருக்கு வேண்டியதும் அதுதான். குறிப்பு என்பது ஒரு கணக்கு, அதன்மேல் கதை என்ற துணியைப் போர்த்தியிருக்கிறார்கள். துணியை உருவினால் உள்ளே இரண்டே சாமான்கள். ஒன்று, விடையின் நேரான பொருள். இது குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும் அல்லது கடைசியில் இருக்கும், நடுவில் இருக்காது. இன்னொன்று, அந்த விடையை எழுத்து எழுத்தாகச் செய்வதற்கான செய்முறை.

முதல் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் "இல்லாளுக்கு" என்று இருக்கிறது, இல்லாள் என்றால் மனைவி. ஆக, பொருள் கிடைத்துவிட்டது, பலர் இதோடு நிறுத்திக்கொண்டு கட்டத்தை நிரப்பிவிடுவார்கள். நான் நிறுத்த மாட்டேன். "மனை விற்றது" என்பதை எழுத்தெழுத்தாக எண்ணிப் பாருங்கள்: ம, னை, வி, ற், ற, து. ஆறு எழுத்து. பாதி என்றால் மூன்று. முதல் மூன்று எழுத்தைப் படியுங்கள். மனைவி! சொத்தில் பாதி அவளுக்குப் போகவில்லை, சொத்தில் பாதியே அவள்தான். இதைக் கண்டுபிடிக்காமல் கட்டத்தை நிரப்பியவருக்கு விடை கிடைத்திருக்கலாம், புதிர் தீரவில்லை என்பேன். ஓரத்தில் நான் பென்சிலால் கணக்கை எழுதி வைப்பது வழக்கம், கணக்கு இடிக்கிறது என்றால் விடையை மையால் எழுத மாட்டேன். பல தடவை இந்தப் பழக்கம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது, ஏனென்றால் பொருளுக்குப் பொருத்தமாக இரண்டு மூன்று சொற்கள் வரும், செய்முறைக்கு ஒன்றுதான் வரும்.

இரண்டாவது குறிப்பு இன்னும் கொஞ்சம் விஷமம். "குதிரை, துடி, காப்பியத்து ஆடல்மகள்" என்று படித்ததும் ஊர்த் திருவிழா ஊர்வலம் மாதிரி ஒரு காட்சி வருகிறதல்லவா? குதிரை வாகனம், துடி என்ற உடுக்கை மாதிரியான கொட்டு, பின்னால் ஆடிக்கொண்டு ஒரு பெண். அந்தக் கொட்டில்தான் வலை விரித்திருக்கிறார்கள். துடி என்பதைப் பெயர்ச்சொல்லாகப் பார்க்காதீர்கள், ஒருவரைப் பார்த்து "துடி!" என்று சொல்வதாகப் பாருங்கள். அப்போது அதற்கு இன்னொரு சொல் "தவி". குதிரைக்குப் பழைய சொல் மா. மா, தவி, சேர்த்தால் மாதவி, சிலப்பதிகாரத்து ஆடல்மகள். காற்புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை: இந்த விளையாட்டில் நிறுத்தக்குறிகளை நம்பவே கூடாது. அவை மேல் துணிக்கு உரியவை, உள்ளே இருக்கும் கணக்குக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பெயர்ச்சொல் வினையாவதும், வினை பெயராவதும், ஆள் பெயர் மாதிரி இருப்பது வெறும் எழுத்துக் குவியலாவதும் இங்கே அன்றாடம் நடப்பது. படி என்று இருந்தால் ஏறுகிற படியா, படிக்கச் சொல்கிறார்களா, அளக்கும் படியா என்று மூன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது மான்.

இந்த மூன்றில் மிகக் கடினமானது இதுதான், அதுவும் இரண்டே எழுத்து. புதிதாக வருகிறவர்கள் நீளமான விடைகளைப் பார்த்துப் பயப்படுவார்கள், அனுபவப்பட்டவர்கள் குட்டி விடைகளைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். ஏழு எழுத்து விடைக்குக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு எழுத்துகள் மற்ற விடைகளிலிருந்து கிடைத்துவிடும். இரண்டெழுத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. நீங்கள் சொன்னபடி உங்களுக்கு இரண்டாவது கட்டத்தில் "லை" கிடைத்திருந்தது. லையில் முடியும் ஈரெழுத்துச் சொல் எத்தனை இருக்கிறது பாருங்கள்: தலை, மலை, இலை, வலை, விலை, சிலை, நிலை, உலை, குலை, வேலை, சேலை, ஓலை, ஆலை, மாலை, காலை, பாலை, சோலை. மானுக்குப் பொருத்தமாகச் சோலை என்று நிரப்பிப் பார்த்ததாகச் சொல்லியிருந்தீர்கள். சோலையில் மான் இருக்கும்தான், ஆனால் கொம்பை வெட்டியது யார், காலை எங்கே வைத்தீர்கள் என்று குறிப்பு கேட்கும். பதில் சொல்ல முடியாது.

குறிப்பில் மூன்று சொற்கள் உறுத்த வேண்டும். கொம்பு, கால், வெட்டிய. மானுக்குக் கொம்பும் காலும் இருப்பதால் அவை மானுக்கு உரியவை என்று கண் தானாகவே ஒட்டிவிடுகிறது. அந்த ஒட்டைப் பிரியுங்கள். குறிப்பு என்ன சொல்கிறது? "கொம்பும் காலும் வெட்டிய கொலை." மானின் கொம்பை அல்ல, கொலையின் கொம்பை வெட்டச் சொல்கிறது. கொலைக்கு ஏது கொம்பு? ஒன்றாம் வகுப்பில் டீச்சர் சொல்லிக்கொடுத்ததை நினைத்துப் பாருங்கள்: கொ எழுதுவது எப்படி? கொம்பு போட்டு, க போட்டு, கால் போடு. ஆஹா. கொலையின் முதல் எழுத்திலிருந்து கொம்பையும் துணைக்காலையும் எடுத்துவிட்டால் மிச்சம் க. கொலை, கலை ஆகிவிட்டது. கலை என்றால் ஆண் மான், கலைமான் என்று இன்றும் சொல்கிறோமே அதே கலைதான். கொலையில் மான் கிடைத்துவிட்டது, ஒரு சொட்டு ரத்தமில்லாமல்.

இதைக் கண்டுபிடிப்பதில் வயது வித்தியாசம் ஒன்று இருப்பதைக் கவனித்திருக்கிறேன். சிலேட்டில் எழுதிப் பழகியவர்களுக்கும் தமிழ்த் தட்டச்சு கற்றவர்களுக்கும் இது சட்டென்று தட்டும், தட்டச்சுப் பொறியில் கொம்பு ஒரு தட்டு, க ஒரு தட்டு, கால் ஒரு தட்டு என்று தனித்தனியாகவே அடித்தாக வேண்டும். கைபேசியில் கோ, கொ என்று ஒரே மூச்சில் வரவைத்துக்கொள்கிற பிள்ளைகளுக்கு எழுத்து என்பது உடையாத ஒரு பொம்மை. அவர்களிடம் எழுத்தின் பாகங்களைக் கழற்றலாம் என்று முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறிப்பின் மீது நியாயமான ஒரு ஆட்சேபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "லை"யிலும் முன்னால் ஒரு கொம்பு இருக்கிறதே, இணைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு என்றெல்லாம் சொல்வார்களே, அதையும் வெட்டினால் "கல" என்றல்லவா வரும்? கேள்வி சரியானது. வெறுமனே கொம்பு என்றால் ஒற்றைக்கொம்பு என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம் என்பது என் கட்சி, ஆனால் எதிர்க்கட்சிக்காரர்களிடமும் விஷயம் இருக்கிறது. அதிலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் லை, ளை, னை, ணை நான்கும் யானைத் தும்பிக்கை மாதிரி சுழித்த வேறு வடிவத்தில் இருந்தன, ணா, றா, னா மூன்றிலும் தனியாகத் துணைக்காலே கிடையாது. அந்தக் காலத்து அச்சை வைத்துக்கொண்டு ஒருவர் கொம்பு, கால் விளையாட்டு விளையாடியிருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். ஒரு அரசாணை புதிர்காரர்களுக்கு எத்தனை கால்களைப் புதிதாகக் கொடுத்துவிட்டது பாருங்கள்.

கால், கொம்பு, புள்ளி மூன்றும் தமிழுக்கே உரிய கருவிகள் என்பதால் இன்னும் சிலவற்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். நான் அமைத்தவைதான் இவை. "கால் உடைந்த பாடம், சுவரில் தொங்கும் (3)." பாடத்தின் காலை எடுத்தால் படம். "ராகத்துக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது? ஆமாம், அவள்தான் (2)." ராகத்துக்குப் பழைய பெயர் பண், கொம்பு முளைத்தால் பெண். "பல பொட்டு வைத்துக்கொண்டால் கடிக்கும் (2)." இதைப் "பல பொட்டுகள்" என்று படித்தீர்களானால் விழுந்தீர்கள். பல என்ற சொல், தன் ல மீது ஒரு பொட்டு வைத்துக்கொள்கிறது. பல்.

கால் என்ற சொல் ஆபத்தானது என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். துணைக்காலாக இருக்கலாம், கீழ் உறுப்பு என்பதால் சொல்லின் கடைசி எழுத்தைக் குறிக்கலாம், காற்றாக இருக்கலாம், நான்கில் ஒரு பங்காகவும் இருக்கலாம். நான்கில் ஒரு பங்கு என்றால் தமிழ் எண்குறியில் அது "வ". எட்டுக்குக் குறி "அ". இப்போது ஔவையார் பெயரில் வழங்கும் அந்தப் பாட்டு நினைவுக்கு வந்திருக்கும்: "எட்டேகால் லட்சணமே". எட்டு அ, கால் வ, சேர்த்தால் அவலட்சணமே. அடுத்தது எமன் ஏறும் பரி, அதாவது எருமை. கூரையில்லா வீடு என்பது குட்டிச்சுவர். இராமன் தூதுவன் குரங்கு. முழுப்பாட்டும் சங்கேதக் குறிப்புகளின் சரம், கட்டம் மட்டும்தான் வரையவில்லை. இந்த எண்குறிகளை இன்றைக்கும் பயன்படுத்தலாம்: "எட்டு வை, சபைக்கு (2)." எட்டு வைத்து நடக்கச் சொல்கிற மாதிரி இருக்கும், ஆனால் அ, வை, அவை.

பழசைப் பற்றிப் பேச ஆரம்பித்தாயிற்று, இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்தப் புதிர் ஆங்கிலத்திலிருந்து வந்த இறக்குமதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கட்டம் இறக்குமதிதான், மறுக்கவில்லை. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் போட்ட வைர வடிவக் கட்டம்தான் முதல் குறுக்கெழுத்து என்கிறார்கள், அதில் சங்கேதம் ஒன்றும் கிடையாது, நேரான கேள்விகள். சங்கேதத்தை முழுநேரக் கொடுமையாக்கியது இங்கிலாந்து. 1926 முதல் அப்சர்வர் வார இதழில் டார்க்கமாடா என்ற புனைபெயரில் ஒருவர் போட்டார், டார்க்கமாடா என்பது ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திச் சித்திரவதை செய்தவரின் பெயர், தன் வேலையைப் பற்றி அவருக்குத் தெளிவு இருந்திருக்கிறது. ஆனால் எழுத்தைக் கூட்டிக் கழிக்கும் விளையாட்டுக்குத் தண்டியலங்காரத்திலேயே இலக்கணம் உண்டு, அது 12ஆம் நூற்றாண்டு அணியிலக்கண நூல். அதில் வினாவுத்தரம் என்று ஒரு வகை. மேற்கோள் பாட்டின் கேள்விகளை உரைநடையில் தருகிறேன். பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரில் விடும் சரத்துக்குப் பெயர்? அம்பு. அழகின் பெயர்? அம். பிறை சூடிய பெருமான் விரும்பி இருக்கும் இடம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு முந்தைய நான்கு விடைகளையும் ஒட்டினால் வருவதுதான் விடை: திரு, ஏகு, அம்பு, அம், திருவேகம்பம். காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில். ஏகுவில் இருக்கும் உகரமும் அம்புவில் இருக்கும் உகரமும் சந்தியில் எப்படிக் கழன்றுகொள்கின்றன பாருங்கள், குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்துவிட்டு மறந்ததற்கு இப்படி ஒரு பயன். கடைசிக் கேள்வி நேர்ப்பொருள், முன்னால் இருப்பவை செய்முறை. மாதவிக்கு நான் மேலே சொன்ன கணக்கும் இதுவும் ஒன்றேதான்.

அதே நூலில் எழுத்து வருத்தனம் என்று இன்னொன்றும் இருக்கிறது, ஒவ்வோர் எழுத்தாக முன்னால் சேர்த்துக்கொண்டே போவது. கம் என்றால் தலை, நகம் என்றால் மலை, கநகம் என்றால் பொன், கோகநகம் என்றால் தாமரை. காளமேகத்தின் சிலேடைகள், பின்னாலிருந்து படித்தாலும் அதே பாட்டாக வரும் மாலைமாற்று, மாத்திரைச் சுருக்கம் என்று இந்த வீட்டில் பழைய பாத்திரம் நிறைய. (நெடிலைக் குறிலாக்கும் மாத்திரைச் சுருக்கத்துக்கும் என் கால் உடைந்த பாடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை.) நம் காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் வழியாகத்தான் தமிழிலும் இது முடியும் என்று என்னைப் போன்ற பலருக்கு நம்பிக்கை வந்தது.

மற்ற வகைகளை வேகமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வகைக்கும் ஒரு சைகைச் சொல் இருக்கும், அதைக் கண்டுகொள்வதுதான் பாதி வேலை. குழம்பி, சிதறி, தடுமாறி, கலைந்து, தடம்புரண்டு என்று ஏதாவது கோளாறு நடந்தால் பக்கத்தில் இருக்கும் சொல்லின் எழுத்துகளைக் கலைத்து அடுக்க வேண்டும். "பயணம் தடம்புரள, சூதாடி வைத்தது (4)." பயணத்தைக் கலைத்தால் பணயம். உள்ளே, அடங்கி, விழுங்கி, புகுந்து என்று வந்தால் ஒன்றுக்குள் ஒன்று. "படம் நடுவில் பாம்புக்குள் புக, மேடையில் காணலாம் (4)." பாம்பும் படமும் சேர்ந்து வந்ததும் பாம்பு படம் எடுக்கும் நினைப்பிலேயே இருப்பீர்கள். படம் என்ற சொல்லின் நடு எழுத்து ட, அதை நாகத்துக்குள் வையுங்கள், நாடகம். தலை, முகம், தொடக்கம் என்றால் முதல் எழுத்து, இடை, வயிறு, நெஞ்சு என்றால் நடு, வால், கடைசி என்றால் இறுதி. "கடல் தொடக்கத்தில் வலை போட்டால் மனபாரம் (3)." இதை நீங்களே போட்டுவிடுவீர்கள். கடலின் க, அப்புறம் வலை.

திரும்பி, மாறி நின்று, எதிர்த்து என்று வந்தால் பின்னாலிருந்து படிக்க வேண்டும். "சிவா திரும்பி வந்ததும் படி (2)." வாசி. டார்க்கமாடா வழியில் வந்தவர்களில் ஒருவர், 1972 முதல் அதே அப்சர்வரில் போட்டுவந்தவர், புனைபெயருக்காகத் தேசா (Deza) என்ற இன்னொரு மதவிசாரணை அதிகாரியின் பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டு அசெட் (Azed) ஆகிவிட்டார். தமிழில் திருப்பிப் போடுவது அவ்வளவு சுலபமில்லை, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது தீர்க்கிறவருக்குப் பெரிய உதவி. நம் சொற்களில் நிறைய ம், ன், ர், ல், ள் என்று மெய்யில் முடிகின்றன, ஆனால் எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்காது. மரத்தைத் திருப்பினால் "ம்ரம" என்று வாயில் நுழையாத ஒன்று வரும். ஆக, திரும்பி என்ற சைகை வந்தால் மெய்யில் முடியும் சொற்களை எல்லாம் யோசிக்காமலே தள்ளிவிடலாம்.

இதே மாதிரி எழுத்துகளின் குணம் கட்டத்தை நிரப்ப நிறைய உதவும். ஒரு கட்டத்தில் ங் விழுந்தால் அடுத்த கட்டம் அநேகமாக க வரிசை, ந் விழுந்தால் த வரிசை, ற் விழுந்தால் பெரும்பாலும் ற வரிசை அல்லது க, ப. குறுக்கு விடையின் எழுத்து ஒன்று நெடுக்கு விடைக்கு முதல் எழுத்தாக இருக்கிற இடத்தில் ழ, ள, ற, ண, ன வரவே வராது, வந்தால் குறுக்கு விடை தப்பு. எழுத்தைக் கலைக்கும் குறிப்பிலும் ம் ஒன்று இருந்தால் அதைத் தூக்கி முதலில் கடைசிக் கட்டத்தில் போட்டுவிட்டு மிச்சத்தை யோசியுங்கள், பத்தில் எட்டு முறை அதுதான் அதன் இடம் என்பது என் அனுபவக் கணக்கு. ஆங்கிலப் புதிரில் இந்த வசதியெல்லாம் இவ்வளவு தாராளமாகக் கிடையாது, இந்து நாளிதழின் ஆங்கிலப் புதிரோடு தினம் காபி குடித்துப் பழகியவர்கள் தமிழுக்கு வந்ததும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

கடைசியாக, ஒளிந்திருக்கும் விடைகள். தொடங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டியது இவற்றைத்தான், ஏனென்றால் விடை கண்ணெதிரே அச்சாகியே இருக்கும். "அப்பா வைத்ததற்குள் ஒளிந்த பொம்மை (2)." அப்பாவின் பா, வைத்ததன் வை, பாவை. இந்த வகையில் நான் ஒரு முறை வசமாக மாட்டிக்கொண்டேன். "அங்கு திரைக்குள் மறைந்திருக்கும் விலங்கு (3)" என்று எழுதி, அங்குவின் கு, அப்புறம் திரை, குதிரை என்று பெருமையாக ஒரு தமிழாசிரியரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அங்கு என்ற சொல்லுக்குப் பின்னால் வலி மிகும், அங்குத் திரை என்றுதான் எழுத வேண்டும், உங்கள் குதிரை வயிற்றில் ஒரு த் மாட்டிக்கொண்டிருக்கிறது" என்றார். மறுக்க வழியில்லை. இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டு "தொங்கு திரைக்குள் மறைந்திருக்கும் விலங்கு (3)" என்று மாற்றினேன். தொங்கு திரை வினைத்தொகை, அங்கே வலி மிகாது, குதிரை சுகமாக நிற்கிறது. அன்றிலிருந்து ஒற்று சரிபார்க்காமல் எந்தக் குறிப்பையும் வெளியே விடுவதில்லை.

இது வெறும் இலக்கணப் பிடிவாதம் இல்லை. ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்ட ஆங்கிலேயர் ஒருவர் 1949இல் ஒரு விதி சொன்னார், தமிழில் சொன்னால் இப்படி வரும்: சொல்வதையே நான் மனதில் நினைத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் மனதில் நினைத்ததை நான் சொல்லியே ஆக வேண்டும். மேல் துணி பொய்யாக இருக்கலாம், அடியில் இருக்கும் கணக்கு பொய்யாக இருக்கக் கூடாது. டார்க்கமாடாவுக்கு அடுத்து வந்த ஹிமெனெஸ் இதை இன்னும் இறுக்கினார்: சரியான பொருள், நியாயமான செய்முறை, இவை தவிர வேறெதுவும் குறிப்பில் இருக்கக் கூடாது. இந்தக் கண்ணால் உங்கள் நண்பரின் மூன்று குறிப்புகளையும் திரும்பப் பாருங்கள். மாதவியில் ஒரு சொல்கூட வீணில்லை. மானில் "கிடைத்தது" என்பது இரண்டு பாதிகளையும் ஒட்டும் பசை, அதை அனுமதிக்கலாம். மனைவியில் பாதி என்றால் முதல் பாதியா பின் பாதியா என்று சொல்லவில்லை, பின் பாதி "ற்றது" என்று சொல்லே ஆகாது என்பதால் நான் விட்டுவிடுவேன், கறாரான ஆள் விட மாட்டார். உங்கள் நண்பர் நல்ல கை, அதை அவரிடம் சொல்லுங்கள்.

அபூர்வமாகச் சில குறிப்புகளில் பொருள் வேறு செய்முறை வேறு என்று பிரிக்கவே முடியாது, முழுக் குறிப்புமே இரண்டு வேலையையும் செய்யும். "லட்சுமியும் அவள் கணவனும் சேர்ந்த ஊர் (5)." திரு, பதி, நடுவில் சந்தி கொடுத்த ப். திருப்பதி. ஊர்ப் பெயரில் இருக்கும் பதிக்குக் கணவன் என்று பொருள் இல்லை, ஊர் என்றுதான் பொருள், அதனால்தான் இது விளையாட்டாகிறது. இதை அமைத்த அன்றைக்கு நான் சாப்பாட்டை மறந்தேன் என்று வீட்டில் இன்றும் சொல்லிக்காட்டுவார்கள்.

உங்களுக்கு இரண்டு குறிப்புகளை விட்டுச் செல்கிறேன். முதலாவது சுலபம்: "பக்கத்தில் கூப்பிட்டால், காயத்தோடு யானை (4)." இரண்டாவதற்கு, மேலே பாம்பை வைத்துச் செய்த வேலையையே ஒரு பூவை வைத்துச் செய்ய வேண்டும்: "வெற்றிப் பூவுக்குள்ளும் கடன் நடுவே, மாதம் பிறந்தால் வீட்டுக்காரருக்கு (3)." விடையை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், ஓரத்தில் போட்ட கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.